தாயின் நிலையும் குட்டியின் இரையும்

தொல்காப்பிய மரபியல் குரங்கின் இளமைக்குப் பல பெயர்களை வழங்குகிறது. குட்டி, மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என்பன அவை. பெண் குரங்கு மந்தி எனவும், ஆண் குரங்கு கடுவன் எனவும், கருமுகக் குரங்கு முசு எனவும் வழங்கப்பெறும். ஒரே இன விலங்குக்கு இத்தனை பெயர்கள் அமைந்திருப்பதே, பண்டைத் தமிழர் அதனை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சான்றாகும்.

ஆனால், ஒரே காட்டில், ஒரே பருவத்தில், ஒரே கூட்டத்தில் பிறந்த இரண்டு பறழ்களுள் ஒன்று கொழுத்து வளர, மற்றொன்று மெலிந்து மடிவது ஏன்? இவ்வினாவுக்கு முறையான விடை காணும் முயற்சி சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் தொடங்கியது. வலிமை மிக்கது வாழ்கிறது, மெலிந்தது மாய்கிறது என்று கூறி அமைவது எளிது. ஆராய்ச்சியாளர் கண்ட விடையோ வேறு. குட்டியின் வயிறு நிறைவதும் நிறையாததும் அதன் உடல் வலிமையைக் காட்டிலும், கூட்டத்தில் அதன் தாய் வகிக்கும் நிலையையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

நிலை எவ்வாறு வருகிறது?

ஜப்பான் நாட்டின் மியாசாக்கி மாவட்டக் கடலோரத்தில் கோஷிமா என்னும் சிறு தீவு உண்டு. அங்கு வாழும் குரங்குகளைக் காண, 1948ஆம் ஆண்டு டிசம்பரில், கியோத்தோ பல்கலைக்கழகத்தின் இமானிஷி கின்ஜியும் அவருடைய மாணவர்களும் வந்தனர். அவர்கள் ஒவ்வொரு குரங்குக்கும் ஒரு பெயரிட்டனர். எது எதன் பிள்ளை, எது எதன் உடன்பிறப்பு என்று ஏட்டில் குறித்தனர். விலங்குகளுக்குப் பெயரிடுவது அக்காலத்து மேல்நாட்டு விஞ்ஞானிகளுக்குப் புதுமையாகத் தோன்றிற்று. ஆயினும் அந்தக் குடும்ப வரலாற்று ஏடே பின்னர் பெரும் பயன் விளைத்தது.

அக்குழுவினருள் ஒருவரான கவாய் மாசாவோ எளிய சோதனை ஒன்றைச் செய்தார். இரண்டு குரங்குகளுக்கு நடுவில் உணவுத் துண்டு ஒன்றைப் போட்டு, எது எடுக்கிறது, எது கையை மடக்கிக்கொள்கிறது என்று குறித்தார். இரண்டு குட்டிகள் தனித்திருந்தபோது ஒன்று எடுத்தது. அவற்றின் தாய்மார் அருகில் வந்து அமர்ந்தபோதோ, முன்பு எடுக்காத குட்டி எடுக்கலாயிற்று. முன்பு எடுத்தது விலகிச் சென்றது. ஆகவே குட்டிக்கு இரண்டு நிலைகள் உண்டு என்று 1958இல் அவர் எழுதினார். தனித்திருக்கும்போது உள்ளது இயல்நிலை. தாயின் அருகில் இருக்கும்போது பெறுவது சார்புநிலை. காலப்போக்கில் சார்புநிலையே இயல்நிலையாக உறைந்துவிடுகிறது.

இது நிகழும் வகையும் தெளிவானதே. மேல்நிலைத் தாயின் குட்டியை வேறொரு மந்தி மிரட்டினால், தாயும் பாட்டியும் பெரியம்மாவும் ஒருங்கே பாய்ந்து வருகின்றனர். கீழ்நிலைத் தாயின் குட்டி மிரட்டப்படும்போது, தாய் அதனை வாரி எடுத்துக்கொண்டு அகன்றுவிடுகிறது. இதனைப் பலமுறை கண்ட குட்டிகள், யாரைக் கண்டு ஒதுங்குவது, யாரைக் கண்டு ஒதுங்கவேண்டுவதில்லை என்பதைக் கற்றுக்கொள்கின்றன. ஓரிரு வயதே ஆன சிறு குட்டி, முழு வளர்ச்சியடைந்த மந்தியொன்றை அதன் இடத்தைவிட்டு எழச்செய்வதை ஆராய்ச்சியாளர் பலர் கண்டுள்ளனர். அது தன் பல்லைக் காட்டி வென்றதன்று. தாயின் பெயரைக் காட்டி வென்றதாகும்.

கவாமுரா ஷுன்சோ என்பவர் அதே 1958இல் மற்றொரு விதியையும் வெளியிட்டார். பெண்மக்கள் தாய்க்கு அடுத்த நிலையில் அமைகின்றனர்; அவர்களுக்குள் இளையவளே மூத்தவளுக்கு மேலாகிறாள். சகோதரிகள் பூசலிடும்போது தாய் இளையவள் பக்கமே நிற்பது இதற்குக் காரணம் எனப்படுகிறது. ஆண் குட்டிகள் பருவம் எய்தியதும் பிறந்த கூட்டத்தைவிட்டு நீங்குவன. பெண் குட்டிகள் பிறந்த இடத்திலேயே வாழ்ந்து மடிவன. ஆதலால் தாயிடமிருந்து பெற்ற நிலை பெண் குட்டிக்கு வாழ்நாள் முழுவதும் உடன்வருகிறது. மலேசியத் தோட்டங்களில் கெரா எனப்படும் நெடுவால் குரங்குக்கும் இதே முறை பொருந்தும்.

பொலன்னறுவைக் காட்டில்

இந்நிலை உணவை எவ்வளவு தூரம் ஆள்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய இடம் இலங்கையின் பொலன்னறுவை. சோழர் ஆட்சியில் ஜனநாதமங்கலம் என்று பெயர் பெற்ற தலைநகரம் அது. வானவன்மாதேவி ஈசுவரம் என்னும் சோழர் காலச் சிவன் கோயில் இன்றும் அங்கு நிற்கிறது. அந்தப் பழைய நகரின் இடிபாடுகளைச் சூழ்ந்த காட்டில் செங்குரங்குகள் வாழ்கின்றன. சிங்களத்தில் அதனை ரிலவா என்பர். தலையுச்சியில் மயிர் சுழிந்து, சிறு தொப்பி வைத்தாற்போல் காணப்படும் குரங்கு அது.

1968இல் வுல்ஃப்காங் டிட்டஸ் என்னும் விலங்கியலார் அங்கு ஆராய்ச்சி தொடங்கினார். பதினெட்டுக் கூட்டங்களைச் சேர்ந்த 446 குரங்குகளின் பிறப்பையும் இறப்பையும் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து, 1977இல் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவர் தொடங்கிய பணி பல பத்தாண்டுகள் தொடர்ந்து நடைபெற்றது.

அவர் கண்டது வருமாறு. பழுத்த அத்திமரம் ஒன்றைக் கூட்டம் அடைகிறது. கனி நிறைந்த உட்கிளைகளில் மேல்நிலைக் குரங்குகள் அமர்கின்றன. ஒரு குட்டி நல்ல கிளையொன்றைப் பற்றி உண்ணத் தொடங்கும்போது, மூத்த குரங்கு ஒன்று புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து, உற்று நோக்குகிறது. அவ்வளவே. கடியும் இல்லை, அடியும் இல்லை. குட்டி கிளையைவிட்டு விலகுகிறது. மிரட்டல் பெரும்பாலும் மேலிருந்து கீழ் நோக்கியே செல்கிறது. வளர்ந்தவை சிறியவற்றை மிரட்டுகின்றன. அச்சிறியவற்றுள்ளும் பெண் குட்டிகளே மிகுதியாக மிரட்டப்படுகின்றன. கூட்டத்திலேயே தங்கி எதிர்காலத்தில் உணவுக்குப் போட்டியாகக்கூடியவை அவையே என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

இவ்வாறு விலக்கப்பட்ட குட்டிகள் சும்மா இருப்பதில்லை. அவை மற்றவற்றைக் காட்டிலும் நெடுநேரம் இரை தேடுகின்றன. ஆயினும் அவற்றுக்குக் கிடைப்பது சத்துக் குறைந்த உணவே. உழைப்பு மிகுதி, வரவு குறைவு என்பதே கீழ்நிலைக் குட்டியின் அன்றாடக் கணக்கு.

இக்கணக்கின் முடிவு கொடியது. டிட்டஸ் ஆராய்ந்த அக்காலத்தில், பிறந்த குட்டிகளுள் பத்துக்கு எட்டுக்கு மேற்பட்டவை முழு வளர்ச்சி எய்துமுன்னரே மாண்டன. பெண் குட்டிகளின் சாவு இளம்பருவத்தில் மிகுந்திருந்தது. ஆண்களின் சாவு, கூட்டத்தைவிட்டு நீங்கும் பருவத்தில் மிகுந்திருந்தது. காட்டின் உணவு எத்தனை வாய்களைத் தாங்குமோ அத்தனையே எஞ்சின.

இங்கு ஊன்றிக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. காட்டில் உணவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒவ்வொரு குரங்குக்கும் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று எண்ணுவது தவறு. விருந்தில் சோறு குறையும்போது முதற்பந்திக்குக் குறைவதில்லை. கடைசிப் பந்தியின் இலையே வெறுமையாகிறது. குரங்குக் கூட்டத்திலும் பஞ்சம் எல்லாரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. அது வரிசையின் கடைசியிலிருந்து உண்ணத் தொடங்குகிறது. கடைசியில் நிற்பவை குட்டிகள். குட்டிகளுள்ளும் கடைசியில் நிற்பவை கீழ்நிலைத் தாயின் பெண் குட்டிகள்.

இளமையில் உண்ணும் உணவு பிற்கால வாழ்வை எவ்வளவு ஆள்கிறது என்பதற்குக் கென்யா நாட்டு அம்போசெலி சமவெளி ஒரு சான்று தருகிறது. பபூன் என்னும் நாய்முகக் குரங்குகளின் ஒரு வயதுக் குட்டிகள் எதை எவ்வளவு உண்கின்றன என்று ஸ்டூவர்ட் ஆல்ட்மன் 1970களின் நடுவில் அங்கு கணக்கெடுத்தார். பின்னர் அக்குட்டிகளின் வாழ்நாள் முழுவதும் கவனிக்கப்பட்டது. இளமையில் நல்லுணவு உண்ட பெண் குட்டிகளே பிற்காலத்தில் நெடுநாள் வாழ்ந்து, மிகுதியான மக்களைப் பெற்று வளர்த்தன என்று 1991இல் அவர் வெளியிட்டார். ஆராயப்பட்ட பெண் குட்டிகள் ஆறு மட்டுமே எனினும், ஒரு வயதில் உண்ட உணவின் அடையாளம் வாழ்நாள் இறுதிவரை தொடர்ந்தது வியப்புக்குரியது.

கன்னப்பையும் களவும்

செங்குரங்கு, நெடுவால் குரங்கு, பபூன் முதலிய இனங்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் பை போன்ற அமைப்பு உண்டு. பழந்தமிழில் கன்னத்தைக் கவுள் என்பர். கிடைத்த கனியை மென்று விழுங்கக் காலம் இல்லாதபோது, குரங்கு அதனைக் கவுளில் அடக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. பாதுகாப்பான இடத்தை அடைந்ததும், புறங்கையால் கன்னத்தை அழுத்தி வெளிக்கொணர்ந்து மெல்ல உண்கிறது. போட்டி மிகுந்த இடத்தில் உண்ணும் விலங்குக்கு இயற்கை அளித்த கைப்பை இது எனலாம். கீழ்நிலைக் குட்டிக்கு இதன் பயன் பெரிது. அது கூட்டத்தின் நடுவே சில நொடிகள் மட்டுமே தங்கமுடியும். அந்நொடிகளுக்குள் பையை நிரப்பிக்கொள்ளவேண்டும்.

ஆயினும் அதுவும் முற்றிலும் காப்பாவதில்லை. பொலன்னறுவையில் மேல்நிலைக் குரங்குகள் சில, சிறு குரங்கைப் பிடித்து, அதன் வாயைத் திறந்து, கன்னப்பையில் அடக்கிய உணவையும் விரலால் எடுத்து உண்டதை டிட்டஸ் கண்டார். வாய்க்கு எட்டியதும் வயிற்றுக்கு எட்டாமற்போகும் நிலை இது. குட்டி எதிர்ப்பதில்லை, அசையாது நிற்கிறது. எதிர்த்தால் உணவோடு காயமும் சேரும் என்பதை அது அறிந்திருக்கிறது.

குவிந்த உணவும் பரந்த உணவும்

நிலையின் ஆட்சி எல்லா இடத்திலும் ஒரே அளவினதா? இல்லை. உணவு ஓரிடத்தில் குவிந்திருந்தால், ஒரு குரங்கு அதன்மேல் அமர்ந்து மற்றவற்றை விலக்கமுடியும். உணவு எங்கும் பரவிக் கிடந்தால், ஒன்றை விலக்குவதால் பயன் இல்லை. விலக்கப்பட்டது நான்கடி தள்ளிச் சென்று அதே உணவை உண்ணும். கென்யாவின் சம்புரு பகுதியில் வெர்வெட் என்னும் குரங்குகளை ஆராய்ந்த பட்ரிசியா விட்டன் 1983இல் இதனை எடுத்துக்காட்டினார். உணவு குவிந்திருந்த கூட்டத்தில் மேல்நிலை மந்திகளுக்கு நல்ல பங்கு கிடைத்தது; உணவு பரந்திருந்த கூட்டத்தில் மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

இலை தின்னும் முசு இனங்களை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். மலேசியாவின் கோலசிலாங்கூரில் லோத்தோங் எனப்படும் குரங்குகள் வாழ்கின்றன. இலையே அவற்றின் முதன்மை உணவு. அவ்வினத்துக்குக் கன்னப்பை இல்லை. இலை எங்கும் உள்ளது. அதனைக் கவர்ந்து ஒளிக்கவேண்டிய தேவை பெரிதும் இல்லை. கனி தேடும் குரங்கிடமே கன்னப்பையும் உண்டு, கடுமையான வரிசையும் உண்டு என்பது எண்ணத்தக்கது.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மையும் பெறப்படும். பத்துமலைப் படிகளிலும் சாலையோரங்களிலும் மக்கள் அன்போடு வாழைப்பழமும் நிலக்கடலையும் வீசுகின்றனர். காட்டில் பரந்து கிடக்கவேண்டிய உணவு அங்கு ஓரிடத்தில் குவிகிறது. உடனே வரிசை விழித்துக்கொள்கிறது. பெரிய கடுவனும் மேல்நிலை மந்தியும் முன்னே வருகின்றன. மெலிந்த குட்டிக்கென்று வீசிய பழம் மெலிந்த குட்டியைச் சேர்வது அரிது. சிங்கப்பூரில் 2020இல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் இவ்வாறு உணவிடுவதைக் குற்றமாக்கியுள்ளது. குரங்குகள் மனிதரை அணுகித் தொல்லை தருவதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. குரங்குகளுக்குள் எழும் பூசலைத் தணிப்பதும் அதனால் விளையும் நன்மையே.

ஓரத்தில் பிறந்த புதுமை

கீழே நிற்போரின் வாழ்வு துன்பம் மட்டுமே நிறைந்தது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. கோஷிமாத் தீவில் ஆராய்ச்சியாளர்கள் 1952 முதல் கடற்கரை மணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளை வைத்தனர். 1953இல், ஒன்றரை வயதுள்ள இமோ என்னும் பெண் குட்டி, மணல் ஒட்டிய கிழங்கை நீரில் கழுவி உண்டது. அதனை முதலில் கண்டு கூறியவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை மித்தோ சத்சுவே என்பவர் என்பது ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

அப்பழக்கம் பரவிய வழி மேலும் சிறப்புடையது. 1958ஆம் ஆண்டளவில், இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள 19 இளங்குரங்குகளுள் 15 கழுவக் கற்றிருந்தன. வளர்ந்த குரங்குகள் 11இல் கற்றவை இரண்டே, அவ்விரண்டும் மந்திகள். கூட்டத்தின் நடுவில் அமர்ந்திருந்த பெரிய கடுவன்கள் ஒன்றும் கற்கவில்லை. இளையவற்றோடு கலந்து பழகாமையே அதற்குக் காரணம் என்று கவாய் 1965இல் எழுதினார். இளமையின் ஆர்வமும் இதில் பங்கு கொண்டதாதலால், நிலை ஒன்றே காரணம் என்று கூறுதல் இயலாது. ஆயினும், முதலிடத்தில் அமர்ந்து கிடைத்ததை உண்பவர்க்குப் புதுவழி காணும் தேவை குறைவு என்பதும், ஓரத்தில் இருப்போரிடம் கற்க அவர்கள் குனிவதில்லை என்பதும் இங்கு விளங்குகின்றன.

கீழ்நிலைக் குடும்பங்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. கூட்டம் மிகப் பெருகி, உணவுக்கு நெருக்கடி முற்றும்போது, கீழ்நிலை மந்திகள் தம் மக்களோடு பிரிந்து தனிக்கூட்டம் அமைப்பதைப் பொலன்னறுவையில் டிட்டஸ் பதிவு செய்து 1988இல் வெளியிட்டார். புதிய இடத்தின் இடர்கள் பல. ஆயினும் அங்கு வரிசையின் கடைசியில் இருந்தவர்களே முதல்வராகின்றனர். 2015இல் வெளிவந்த ‘மங்கி கிங்டம்’ என்னும் திரைப்படம் இப்பொலன்னறுவைக் குரங்குகளைக் கொண்டு எடுக்கப்பட்டதே. கீழ்நிலையில் பிறந்த தாயொன்று தன் குட்டியை வளர்க்கும் பாட்டை அதில் காணலாம்.

அறிந்தும் அறியாததுபோல்

இறுதியாகக் கூறப்படும் சோதனை ஆசிரியர்களின் தனிக்கவனத்துக்கு உரியது. அமெரிக்காவில் 55 குரங்குகள் கொண்ட கூட்டம் ஒன்றைக் கிறிஸ்டின் டிரியா, கிம் வாலன் என்னும் இருவர் சோதித்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். நிறத்தைக் கண்டு உணவுள்ள இடத்தை அறியும் பாடம் அக்குரங்குகளுக்குக் கற்பிக்கப்பட்டது. சில வேளைகளில் கூட்டம் முழுவதும் ஒன்றாகச் சோதிக்கப்பட்டது. சில வேளைகளில் மேல்நிலைக் குடும்பங்கள் ஒருபுறமும் கீழ்நிலைக் குடும்பங்கள் மறுபுறமும் பிரித்துச் சோதிக்கப்பட்டன.

மேல்நிலைக் குடும்பத்தவை எப்போதும் நன்கு தேறின. கீழ்நிலைக் குடும்பத்தவை எல்லாரும் கூடியிருந்தபோது தவறின. தனித்து விடப்பட்டபோது அதே பாடத்தில் நன்கு தேறின. மீண்டும் கூட்டத்தில் சேர்த்தபோது மீண்டும் தவறின. சண்டையோ மிரட்டலோ அங்கு மிகுதியாக நிகழவும் இல்லை. ஆகவே அவை பாடத்தைக் கல்லாதவை அல்ல. கற்றதை மேலோர் முன்னிலையில் வெளிப்படுத்தாது தாமே அடக்கிக்கொண்டவை என்று அவ்விருவரும் கருதினர்.

இதுகாறும் கூறியவற்றின் சாரம் இச்சோதனையில் அடங்கியுள்ளது எனலாம். நிலை என்பது குட்டியின் கையைக் கட்டுவதில்லை. அறிவைக் குறைப்பதும் இல்லை. அது துணிவைக் குறைக்கிறது. தாயின் மடியில் கற்ற அச்சம், அத்திமரத்திலும் நிறப்பெட்டியின் முன்னும் ஒன்றுபோலவே வேலை செய்கிறது. உணவு உள்ள இடம் தெரிந்தும் கை நீள்வதில்லை. காண்போர் அதனை மடமை என்று எண்ணிவிடுகின்றனர்.

குரங்கின் வழக்கம் மனிதனுக்கு நியாயம் ஆகாது. பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வுக்கு இயற்கையைச் சான்று காட்டுவோர் இவ்வாராய்ச்சிகளைத் தமக்குத் துணையாகக் கொள்ளவும் இயலாது. ஏனெனில், வரிசையின் ஆட்சி இயற்கையின் மாறாத சட்டம் அன்று, உணவு குவிந்திருக்கும்போது கடுமையாகவும் பரந்திருக்கும்போது தளர்ந்தும் காணப்படுவது என்பதையே இவை நிறுவியுள்ளன. வரிசை பிறப்பில் வரினும், அதன் கடுமை பங்கீட்டில் இருக்கிறது.

வகுப்பறையில் வினா எழும்போது முன்வரிசைக் கைகளே எப்போதும் உயர்கின்றன. பின்வரிசையில் வாய்திறவாத பிள்ளையைக் கண்டு, அதற்கு ஒன்றும் தெரியாது என்று குறிப்பேட்டில் எழுதுமுன், அதனைத் தனியே அழைத்து ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று. எல்லார் முன்னிலையிலும் வராத விடை அங்கு வருமாயின், குறை பிள்ளையின் அறிவில் இல்லை; வினா எழுப்பப்பட்ட சூழலில் உள்ளது என்பது தெளிவாகும்.